காலியாக விட வேண்டிய இடம்

“46 டெராபைட்டுக்குப் பணம் கட்டப் போகிறோம். அதில் ஒன்பதே முக்கால்தான் பயன்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி எங்கே போகிறது, தம்பி?”

கேட்டவர் எங்கள் கணக்குப் பிரிவு மேலாளர். ஆலையின் புது சர்வர் சேமிப்பகத்துக்கான கொள்முதல் கோப்பின் மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு என் மேசைக்கே கொண்டுவந்துவிட்டார். பம்ப் செட் ஆலையில் வருடக்கணக்காகச் சரக்கிருப்பைச் சரிபார்த்துப் பழகிய மனிதர். இத்தனை கிலோ செம்புக்கம்பி வந்தால் எத்தனை மோட்டாருக்குச் சுற்றலாம், எவ்வளவு துண்டு விழும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஐந்தில் நான்கு பங்கு துண்டு விழுகிற சரக்கை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தையும், அதன் பிறகு நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

கோவையில் இருக்கும் எங்கள் ஆலையின் சர்வர் அறை ஒரு காலத்தில் பழைய பேரேடுகளைப் போட்டு வைத்த அறை. குளிரூட்டியும் அலமாரியும் வந்தன. ஜன்னல் கம்பி மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்று சர்வர்கள், அவற்றின் மேல் முப்பத்துச் சொச்சம் மெய்நிகர் கணினிகள் (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினிகள்): உற்பத்தி ஆணை, கணக்கு, வருகைப் பதிவு, வரைபடக் கோப்புகள். மூன்று சர்வர்களும் தரவுக்கு நம்பியிருந்தது ஒரே ஒரு சேமிப்புப் பெட்டியை. அதற்குள் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. இரண்டு கன்ட்ரோலர், இரண்டு பவர் சப்ளை. ஆனால் பெட்டி ஒன்றுதான். அதன் பராமரிப்பு ஒப்பந்தம் முடிகிற அதே வருடத்தில் மெய்நிகராக்க மென்பொருளின் உரிமக் கட்டணமும் ஏறியது. இரண்டுக்கும் சேர்த்துக் கட்டுகிற பணத்தில் மூன்று புதிய சர்வர்களையே வாங்கிவிடலாம் என்று ஆனபோது முதலாளியே “வேறு வழி பாருங்கள்” என்றார்.

பார்த்தோம். மெய்நிகராக்கத்துக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. வியன்னாவிலிருந்து 2008 முதல் வந்துகொண்டிருக்கும் திறந்த மூல மென்பொருள்; எங்கள் சோதனைக் கணினியில் வருடக்கணக்கில் ஓடியது. திண்டாட்டமெல்லாம் சேமிப்பகத்தில்தான். தனிப்பெட்டி வேண்டாம் என்றால், சர்வர்களுக்குள் இருக்கும் டிஸ்க்குகளையே மென்பொருளால் இணைத்து, மூன்று சர்வர்களும் பார்க்கும் ஒரே சேமிப்பகமாக ஆக்க வேண்டும்.

இதற்குப் பல வழிகள் உண்டு. மிக எளியது இசட்எஃப்எஸ் பிரதி. ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் டிஸ்க்கும் குறித்த இடைவெளியில் பக்கத்து சர்வருக்கு நகலாகும். ப்ராக்ஸ்மாக்ஸில் வழக்கமான இடைவெளி 15 நிமிடம், ஒரு நிமிடம் வரை குறைக்கலாம். சர்வர் செத்தால் கடைசி நகலுக்குப் பின் எழுதியது போயிற்று. என்னைக் கேட்டால், இரண்டு சர்வர் வைத்திருக்கும் பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு இதுவே போதும். பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக்கும் செஃப் என்ற மென்பொருள் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தேவையில்லை. எங்களுக்கு ஏன் போதவில்லை என்றால், சோதனை மேடையில் ஒவ்வொரு பம்ப்பும் தேறியதும் அதன் வரிசை எண் தரவுத்தளத்தில் ஏறி, அந்த நொடியே பெயர்த்தகடு அச்சாகிவிடும். ஒரு நிமிடப் பதிவு தொலைந்தாலும் தகடு ஒட்டிய பம்ப்புகள் கணக்கில் இல்லாமல் வெளியே போய்விடும்.

ஆகவே செஃப். சாண்டா குரூஸில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் தன் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கியது இது. ஆய்வுக் கட்டுரை 2006-இல் வந்தது. 2012-இல் இங்க்டேங்க் என்ற நிறுவனமாகி, 2014-இல் ரெட் ஹேட்டின் கைக்குப் போனது. பெயர் தலைக்காலி உயிரினங்களுக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து வெட்டியெடுத்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் அகரவரிசையில் ஒரு தலைக்காலியின் பெயரையோ அதை ஒட்டிய சொல்லையோ வைப்பார்கள். 2024-இல் வந்த 19-ஆம் பதிப்பின் பெயர் ஸ்க்விட், அதாவது நம் கணவாய். இதை முதலாளியிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து சர்வர் அறைப் பக்கம் வரும்போதெல்லாம் “கணவாய் எப்படியிருக்கிறது?” என்றுதான் விசாரிக்கிறார்.

செஃப் செய்கிற வேலை இது. மெய்நிகர் கணினியின் டிஸ்க்கை 4 மெகாபைட் துண்டுகளாக நறுக்குகிறது. 100 ஜிகாபைட் டிஸ்க் என்றால் 25,600 துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகள், மூன்று வெவ்வேறு சர்வர்களில். எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில் என்று பேரேடு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எழுத்தர் யாரும் கிடையாது. அஞ்சல் பிரிப்பகத்தில் உறையின் பின்கோடைப் பார்த்ததும், யாரையும் கேட்காமல், எந்தப் பைக்குள் போட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறதல்லவா? அதே போல இங்கே துண்டின் பெயரிலிருந்தே அதன் பை கணக்காகிறது. அந்தப் பை எந்த மூன்று டிஸ்க்குகளுக்குப் போக வேண்டும் என்பதை கிரஷ் என்ற சூத்திரம் சொல்லிவிடுகிறது. எல்லா சர்வரிடமும் ஒரே வரைபடம், ஒரே சூத்திரம், ஒரே விடை. டிஸ்க் ஒன்று செத்தால் வரைபடம் மாறும், விடையும் மாறும், பைகள் தாமாகவே புது இடத்துக்கு நகரும்.

நகர இடம் இருந்தால்.

மேலாளரிடம் நான் பென்சிலை வாங்கிக்கொண்டது இந்த இடத்தில்தான். ஒரு சர்வருக்கு 3.84 டெராபைட் எஸ்எஸ்டி நான்கு, மூன்று சர்வருக்கு 12, மொத்தம் 46.08. மூன்று பிரதி என்பதால் மூன்றால் வகுத்தால் 15.36. இதுவரை அவருக்கு ஆட்சேபம் இல்லை. “இரண்டு பிரதி போதாதா?” என்று மட்டும் கேட்டார். போதாது. ஒரு சர்வரைப் பராமரிப்புக்கு நிறுத்தும்போது மிஞ்சுவது ஒரே பிரதி. அந்த நேரம் பார்த்து அந்த டிஸ்க் போனால் அழுதாலும் வராது. மூன்று பிரதியில், குறைந்தது இரண்டு உயிரோடிருந்தால்தான் எழுத விடுவேன் என்பது செஃப்பின் வழக்கமான கட்டுப்பாடு. அதைத் தளர்த்திக்கொண்டு பிறகு வருந்தியவர்கள் நிறையப் பேர்.

அடுத்த கழித்தலில்தான் அவர் முகம் சுருங்கியது. டிஸ்க்குகள் 85 சதவீதம் நிறைந்தால் செஃப் எச்சரிக்கும். 90-ஐத் தொட்டால் அந்த டிஸ்க்குக்குப் புதுப் பைகள் நகர்வதை நிறுத்திவிடும். 95-ஐத் தொட்டால் எழுதுவதையே நிறுத்திவிடும். மெய்நிகர் கணினிகள் அப்படியப்படியே உறைந்து நிற்கும். சரி, 85 வரை நிரப்பலாமே என்றால், அங்கேயும் ஒரு முடிச்சு. மூன்றே சர்வர்கள், சர்வருக்கு ஒரு பிரதி. ஒரு டிஸ்க் செத்தால் அதன் சுமையை அதே சர்வரின் மற்ற மூன்று டிஸ்க்குகள்தான் ஏற்க வேண்டும். மற்ற இரு சர்வர்களில் ஏற்கெனவே ஒவ்வொரு பிரதி இருப்பதால் அங்கே போட முடியாது. நால்வர் சுமையை மூவர் தூக்கிய பின்பும் 85-ஐத் தாண்டக் கூடாது என்றால், நால்வரும் இருக்கும் நாளில் 63.75 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. 15.36-இல் அது 9.79.

“70 என்று வைத்துக்கொள்ளலாமே” என்றார் அவர், வெங்காயத்துக்கு விலை பேசுகிற தொனியில்.

“ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், வைத்துக் காட்டுகிறேன்” என்றேன்.

அவரோடு பேசியதில் எனக்கும் ஒன்று கிடைத்தது. அதே 46 டெராபைட்டை 1.92 டெராபைட் டிஸ்க்குகளாக, சர்வருக்கு எட்டாக வாங்கினால்? எட்டில் ஒன்று செத்தால் ஏழு சுமக்கும். அப்போது 74 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்வரை நிரப்பலாம், 11.4 டெராபைட் கிடைக்கும். அதே கொள்ளளவை அதிக டிஸ்க்குகளாகப் பிரித்ததற்கே ஒன்றரை டெராபைட்டுக்கும் மேல் லாபம். ஆனால் எங்கள் சர்வரில் டிஸ்க் செருகும் இடமே எட்டுதான். முதல் நாளே எட்டையும் அடைத்துவிட்டால் நாளை வளர வழியில்லை. தவிர, செஃப்பில் ஒவ்வொரு டிஸ்க்கையும் ஓஎஸ்டி என்ற ஒரு நிரல் கவனித்துக்கொள்கிறது, அது ஒவ்வொன்றும் வழக்கமாக 4 ஜிகாபைட் நினைவகத்தை எதிர்பார்க்கும். எட்டு என்றால் சர்வருக்கு 32. யோசித்து நான்கிலேயே நின்றேன். காலிச் செருகிடங்களும் ஒரு வகையில் வாங்கி வைத்த இடம்தான்.

நினைவகத்திலும் இதே கதைதான். சர்வருக்கு 256 ஜிகாபைட், மூன்றுக்கும் சேர்த்து 768. ஆனால் ஒரு சர்வர் படுத்தால் அதன் மெய்நிகர் கணினிகள் மற்ற இரண்டில் எழ வேண்டும். ஆகவே கணக்கு 512-லிருந்து தொடங்குகிறது. ஓஎஸ்டிகளுக்கும் மற்ற காவல் நிரல்களுக்கும் சர்வருக்குச் சுமார் 25 என்று ஒதுக்கினால் மிஞ்சுவது 460-ஐ ஒட்டி. இந்தக் கணக்கைப் போடாமல் மூன்று சர்வரையும் நிரப்பி வைத்துவிட்டு, அப்படித் தானாக எழுப்பிவிடும் உயர் கிடைப்பு வசதி இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் முன்பு அப்படித் தூங்கியவன்.

எஸ்எஸ்டி விஷயத்தில் விற்பனையாளர் ஒருவர் எங்களைக் கிட்டத்தட்ட மயக்கிவிட்டார். அதே கொள்ளளவு, பாதி விலை, பெட்டியின் மேல் நொடிக்கு லட்சக்கணக்கில் எழுதும் வேகம். ஒன்றை இரவல் வாங்கிச் சோதித்தோம். 4 கிலோபைட் துண்டுகள், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று, ஒவ்வொன்றும் உண்மையிலேயே எழுதப்பட்டதா என்று உறுதி கேட்டுவிட்டுத்தான் அடுத்தது. நொடிக்கு ஐந்நூறைக்கூடத் தொடவில்லை. அடுத்து தரவு மையங்களுக்கென்று விற்கும் டிஸ்க்கில் அதே சோதனையைப் போட்டபோது பல்லாயிரத்தில் ஓடியது.

என்னோடு வேலை பார்க்கும் பெண், காரணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டின் மூடியையும் திறந்தார். விலை கூடியதன் பலகை ஓரத்தில், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, மின்தேக்கிகள் வரிசையாக நின்றன. மற்றதில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. வித்தியாசம் அந்த வரிசைதான். செஃப் ஒவ்வொரு எழுத்துக்கும் “பத்திரமா?” என்று உறுதி கேட்கும். மின்தேக்கி உள்ள டிஸ்க், தரவு தன் தற்காலிக நினைவகத்துக்கு வந்ததுமே “பத்திரம்” என்று சொல்லிவிடலாம்; மின்சாரம் போனாலும் தேக்கி வைத்த மின்னில் எழுதி முடித்துவிடும். மின்தேக்கி இல்லாதது ஒவ்வொரு முறையும் ஃப்ளாஷ் செல்வரை போய் எழுதிவிட்டு வந்துதான் பதில் சொல்ல முடியும். மெய்நிகர் கணினி எழுதும் ஒவ்வொரு துண்டும் மூன்று சர்வரிலும் இப்படி உறுதியான பிறகுதான் முடிந்ததாகக் கணக்கு. மூவரில் மிக மெதுவானவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

இதில் ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். நல்ல டிஸ்க், நல்ல வலையமைப்பு எல்லாம் இருந்தும், ஒவ்வொன்றாக எழுதும் வேலையில் செஃப் சர்வருக்குள் இருக்கும் டிஸ்க்கை எட்டவே எட்டாது. எங்களுக்கு ஒரு எழுத்து ஒரு மில்லிசெகண்டை ஒட்டி ஆகிறது. மாத இறுதியில் கணக்குப் பிரிவின் பெரிய அறிக்கை முன்பைவிடச் சற்று மெதுவாகத்தான் வருகிறது. மேலாளர் அதையும் கவனித்துவிட்டார்.

வலையமைப்புக்கு, சர்வர்களை நடுவிலிருந்து இணைக்கும் சுவிட்ச் வாங்கவில்லை. சர்வருக்கு இரண்டு முனை கொண்ட 25 ஜிகாபிட் அட்டை ஒன்று. ஒருவரை ஒருவர் நேரடியாகக் கேபிளால் கோத்து முக்கோணமாக்கினோம். மூன்று சர்வருக்கு மலிவான, அழகான வழி. நான்காவது வந்த நாளில் உடைந்துவிடும். அன்றைக்கு சுவிட்ச் வாங்க வேண்டும் என்று கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன். சர்வர்கள் ஒன்றையொன்று உயிரோடிருக்கிறாயா என்று கேட்டுக்கொள்ளும் கோரோசிங்க் போக்குவரத்துக்குத் தனியாக 1 ஜிகாபிட் கேபிள். இதைச் செஃப்போடு ஒரே கம்பியில் விட்டால் என்ன ஆகும் என்றால், டிஸ்க் செத்து மறுகட்டுமானம் ஓடும்போது கம்பி நிரம்பும், நாடி கேட்கும் செய்தி தாமதமாகும், பக்கத்து சர்வர் செத்துவிட்டது என்று கிளஸ்டர், அதாவது சர்வர்க் கூட்டம், முடிவு கட்டும், உயர் கிடைப்பு இயங்கினால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். ஒரு டிஸ்க்கில் தொடங்கிய காய்ச்சல் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

கட்டி முடித்த இரவே என் தவறு ஒன்று கைவரிசையைக் காட்டியது. செஃப் வலையில் பொட்டல அளவை, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தரவின் உச்ச அளவை, 9000 பைட் என்று உயர்த்தியிருந்தேன். இருக்கிறாயா என்று கேட்கும் சிறு சோதனைச் செய்தியான பிங்குக்கு எல்லாச் சர்வரும் பதில் சொன்னது. நிலை விவரம் கேட்டால் வந்தது. ஆனால் ஒரு கோப்பை நகலெடுத்தால் பாதியில் நின்று, நின்ற இடத்திலேயே கிடந்தது. டிஸ்க்கைச் சந்தேகித்தேன், அட்டையைச் சந்தேகித்தேன், நேரம் ஒத்துப்போகவில்லையோ என்று கடிகாரங்களைக்கூடப் பார்த்தேன். இரவு பதினொன்றரைக்கு அந்தப் பெண்தான், “அண்ணா, பெரிய பிங் போட்டுப் பார்த்தீர்களா?” என்றார். 8972 பைட், உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு: 9000-இல் தலைப்புகளுக்கு 28 போக மிச்சம். முக்கோணத்தின் ஆறு முனைகளில் ஒன்றிலிருந்து மட்டும் பதில் வரவில்லை. அங்கே நான் 1500-ஐ மாற்றாமல் விட்டிருந்தேன். சின்னப் பொட்டலம் நுழைகிறது, பெரியது வாசலில் சிக்கிக்கொள்கிறது. அந்த எண் இப்போது அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. மேலாளர் சொன்னபடியே காலை பத்து மணிக்கு வந்துவிட்டார், கையில் தேநீர்க் குடுவையோடு. சேமிப்பகத்தை முந்தின நாளே வெறும் சோதனைத் தரவால் 70 சதவீதம் நிரப்பி வைத்திருந்தேன். “நீங்களே உருவுங்கள்” என்று இரண்டாவது சர்வரைக் காட்டினேன். தயங்கிவிட்டு, மூன்றாவது டிஸ்க்கின் தாழைத் திறந்து இழுத்தார். திரை மஞ்சளானது. சோதனை மெய்நிகர் கணினிகள் எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தன. அவருக்கு ஆச்சரியம். “அவ்வளவுதானா?”

செஃப் உடனே பதறாது. கேபிள் தளர்ந்திருக்கலாம், சர்வர் மறுதொடக்கம் ஆகலாம் என்று 10 நிமிடம் பொறுத்துப் பார்க்கும். நாங்கள் தேநீர் குடித்தோம். பத்தாம் நிமிடத்தில் அந்த டிஸ்க் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. மற்ற மூன்றின் நிறைவளவு ஏறத் தொடங்கியது. 74, 78, 81. 85-இல் எச்சரிக்கை. பைகள் எல்லா டிஸ்க்கிலும் சமமாக விழுவதில்லை, ஆகவே ஒன்று மற்றதைவிட முந்திக்கொண்டு ஓடியது. அது 90-ஐத் தொட்டதும் அதற்குப் போக வேண்டிய பைகள் நின்றன. சற்று நேரத்தில் மற்ற இரண்டும் நின்றன. 70-ஐ மூவரிடம் பிரித்தால் ஆளுக்கு 93 வர வேண்டும். 90-இல் கதவு மூடிவிட்டது. நகர வழியில்லாத பைகள் இரண்டே பிரதிகளோடு நின்றன, புது டிஸ்க் வரும்வரை அப்படியே நிற்கும். மாற்று டிஸ்க் வந்துசேர ஒரு வாரம் ஆனால், ஒரு வாரம்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “கிடங்கில் வண்டி திரும்புகிற வழிக்கும் சேர்த்துத்தானே நாம் வாடகை கொடுக்கிறோம். அங்கே ஒரு பெட்டியை வைத்தால் நான்தான் சத்தம் போடுவேன்.”

இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது. டிஸ்க்கைத் திரும்பச் செருகினோம். நிரப்பிய தரவைக் குறைத்து 60-இல் அதே சோதனையை மறுபடி ஓட்டினோம். மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் மூன்று டிஸ்க்குகளும் 80-ஐ ஒட்டி நின்றன, திரை பச்சையாக இருந்தது.

காலியிடம் காப்பாற்றாத சங்கதிகளும் உண்டு. யாராவது ஒரு கோப்பை அழித்தால் மூன்று பிரதியிலும் ஒரே கணத்தில் அழியும். ஆகவே காப்புநகல் தனிச் சர்வரில், அடுத்த கட்டடத்தில். மூன்று சர்வரும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்ததை மின்பணியாளர்தான் சுட்டிக்காட்டினார், இப்போது இரண்டு. ஒரு சர்வரே மொத்தமாகப் போனால் மூன்றாவது பிரதியை எடுத்துவைக்க வேறு சர்வர் கிடையாது; அது திரும்பும்வரை இரண்டு பிரதியோடுதான் ஓட்டம். நான்காவது சர்வர் வேண்டும் என்று நான் கேட்பதற்கு இதுவே முக்கியக் காரணம். கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நேரடி ஓட்டம் தொடங்கி ஆறு மாதம் கழித்துப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புது சேமிப்பகத்தில் பாதி காலியாகக் கிடப்பதாகக் கேள்வி, கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று. நான் பதில் எழுதுவதற்கு முன்பே அதன் ஓரத்தில் பென்சிலில் “முடியாது. அது வழி” என்று எழுதியிருந்தது. கையெழுத்து மேலாளருடையது. கேமராக்களுக்குச் சாதாரண வட்டுகளோடு தனிப்பெட்டி ஒன்று வாங்கினோம்.

இப்போது நிறைவளவு 58. சர்வருக்கு ஐந்தாவது டிஸ்க் போட்டால் எல்லை 68-க்கு உயரும், பயன்படும் இடம் 13 டெராபைட்டைத் தொடும். டிஸ்க்கில் கால் பங்கு கூட்டினால் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மூன்று டிஸ்க்குகளுக்கான கோப்பு நேற்று கணக்குப் பிரிவுக்குப் போயிருக்கிறது. இந்த முறை எந்தப் பக்கத்தில் வட்டம் போட்டு வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.